காவிரி மண்ணில் மூதறிஞர் இராஜாஜி

நாட்டுக்குத் தொண்டாற்றிய பெரியோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வர். புகழ்ச்சியை அடுக்கிச் செல்வது ஒரு வழி. குறைகளை எண்ணிக் காட்டுவது மற்றொரு வழி. மூதறிஞர் என்று தமிழகம் அழைத்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் வாழ்வு இவ்விரு வழிகளுக்கும் எளிதில் அடங்குவதன்று. அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மக்களே பின்னர் அவரை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். எதிர்த்துப் போராடியவர்களே பின்னர் அவரோடு ஒரே மேடையில் அமர்ந்தனர். புகழும் பழியும் மாறி மாறி வந்தபோதும், தாம் சரியென்று கருதியதைச் சொல்லும் வழக்கத்தை மட்டும் அவர் தம் 94-ஆம் வயது வரை விட்டாரல்லர்.

அவர் பிறந்தது கொங்கு நாட்டின் வடபால் எல்லையில். எனினும் அவருடைய பொதுவாழ்வின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றைத் தஞ்சைத் தரணி நேரில் கண்டது. 1930-இல் உப்புக்காக அவர் நடந்த பாதை காவிரிக் கழனிகளின் ஊடாகச் சென்றது. 1939-இல் அவரது ஆட்சியின் மொழிக் கொள்கையை எதிர்த்துச் சிறை சென்று உயிர் துறந்த இளைஞர்களில் ஒருவர் குடந்தையைச் சேர்ந்தவர். 1952-இல் அவர் பிறப்பித்த ஓர் அவசரச் சட்டம் இம்மாவட்டத்தின் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் காப்பதற்கென்றே எழுந்தது. இம்மூன்றையும் ஒருசேர வைத்துக் கண்டால்தான் அம்மாமனிதரின் உருவம் நமக்கு முழுமையாகப் புலப்படும்.

இளமையும் தொண்டின் தொடக்கமும்

இராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் நாள் ஒசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கும். தந்தையார் சக்கரவர்த்தி ஐயங்கார் கிராம முன்சீப்பாகப் பணியாற்றியவர். ஒசூரிலும் பெங்களூரிலும் பயின்ற இராஜாஜி, சென்னையில் சட்டக் கல்வியை முடித்து 1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பெரும்புகழும் பெரும்பொருளும் அவரைத் தேடி வந்தன. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். நாற்பது வயதை எட்டுமுன்பே மனைவியை இழந்த அவர், மறுமணம் செய்துகொள்ளாமல் ஐந்து மக்களையும் தாமே பேணி வளர்த்தார்.

1919 மார்ச்சில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒரு நாள் கடையடைப்பும் நோன்பும் மேற்கொள்ளலாம் என்னும் எண்ணம் அவ்வீட்டில்தான் அண்ணலின் உள்ளத்தில் உதித்தது. அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நீடித்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் இராஜாஜி வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் மூன்று திங்கள் இருந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர்ப்பணி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றில் முழுமூச்சாக ஈடுபட்டார்.

அந்த ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குப் பிரசாரத்திற்காக அவர் நடத்திய விமோசனம் என்னும் இதழில் உடன் பணியாற்றியவர் மயிலாடுதுறைப் பகுதியின் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. காவிரிப் படுகை தமிழுக்குத் தந்த பேரெழுத்தாளர் ஒருவர் இராஜாஜியின் நிழலில் எழுத்துப் பயிற்சி பெற்றார் என்பது இம்மண்ணுக்கும் அவருக்கும் ஏற்பட்ட முதல் உறவுகளுள் ஒன்று.

காவிரிக் கரையில் பதினைந்து நாள்கள்

1930-இல் காந்தியடிகள் தண்டிக் கடற்கரைக்கு நடந்து சென்று உப்பெடுத்தார். தமிழகத்திலும் அதுபோன்றதொரு நடைப்பயணம் வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குத் தலைமை ஏற்றவர் இராஜாஜி. சேரிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது வேதாரணியம். உப்பளங்கள் நிறைந்த அவ்வூரில் வேதரத்தினம் பிள்ளை என்னும் தேசபக்தர் தொண்டர்களை வரவேற்கக் காத்திருந்தார்.

ஏப்ரல் 13-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து நூறு பேர் அளவிலான தொண்டர் அணி புறப்பட்டது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து சரியாகப் பதினோராண்டுகள் நிறைந்த நாள் அது. அணியினர் பாடிச் செல்வதற்கென்று நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதித் தந்த நடைப்பாடல் பின்னர் தமிழகம் முழுதும் பரவியது. ஏறத்தாழ 150 மைல் தொலைவு, பதினைந்து நாள்கள். தஞ்சை, கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எனக் காவிரியும் அதன் கிளைகளும் பாயும் ஊர்களின் வழியே அப்பயணம் நடந்தது. தலைவருக்கு அப்போது 51 வயது. ஆஸ்துமா நோயினால் அடிக்கடி துன்புற்றவர். சித்திரை வெயிலில் தொண்டர்களோடு தாமும் நடந்தார். வழியிலுள்ள ஊர்களில் கதர் உடுத்துமாறும் கள்ளை விலக்குமாறும் தீண்டாமையைக் கைவிடுமாறும் தொண்டர்கள் எடுத்துரைத்தனர்.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களை வழியிலேயே வாடச் செய்துவிட்டால் பயணம் தானே கலைந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். அணியினருக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் ஆறு திங்கள் வரை சிறைத்தண்டனைக்கு ஆளாவர் என்று ஊர்தோறும் அறிவிக்கச் செய்தார். விருந்தோம்பலைக் குற்றமாக்கிய அந்த ஆணை காவிரி நாட்டு மக்களின் பண்பாட்டையே சோதிப்பதாக அமைந்தது. வந்தவர்க்குச் சோறிடாது அனுப்புவதை இழுக்கெனக் கருதும் நாடு இது. வெளிப்படையாகச் சோறிட்டாலோ சிறை.

மக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுச் சென்றனர். தொண்டர்கள் இளைப்பாறும் ஆற்றங்கரைகளில் உணவுப் பாத்திரங்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அவை இருக்கும் இடம் மட்டும் குறிப்பாகத் தெரிவிக்கப்பட்டது. சோறிட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பசியோடு கிடந்தவர் எவரும் இல்லை. பெயர் பதிவாகாத குடும்பங்கள் பலவற்றின் துணிவு அன்று அம்மரக்கிளைகளில் தொங்கியது. வெளிப்படையாகவே விருந்தளித்துத் தண்டனையை ஏற்றவர்களும் இருந்தனர். ஆட்சியரின் ஆணையே இப்பயணத்தை ஊரறியச் செய்த விளம்பரமாக முடிந்தது.

வேதாரணியத்து உப்பு

ஏப்ரல் 28-ஆம் நாள் அணி வேதாரணியத்தை அடைந்தது. 30-ஆம் நாள் இராஜாஜி தொண்டர் சிலருடன் உப்பு விளையும் சதுப்பு நிலத்துக்குச் சென்று உப்பை அள்ளினார். உடனே கைது செய்யப்பட்டு ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்றுத் திருச்சிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். தலைவர் சிறை சென்ற பின்னும் போராட்டம் ஓயவில்லை. தொண்டர்கள் அணி அணியாக உப்பெடுத்தனர், தடியடியை ஏற்றனர், கைப்பிடியில் உள்ள உப்பை விடாது பற்றி நின்றனர். வேதரத்தினம் பிள்ளை சிறைப்பட்டார். அவருடைய சொத்துகளை அரசு பறிமுதல் செய்தது. பின்னாளில் சர்தார் என்னும் சிறப்புப் பெயரால் நாடு அவரைப் போற்றியது. ருக்மிணி லட்சுமிபதி என்னும் பெண்மணியும் வேதாரணியத்தில் கைதாகிச் சிறை சென்றார்.

அவ்வூரில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த வைரப்பன் என்பார் காவலருக்கும் அவர்க்குத் துணைபுரிவோர்க்கும் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாதிச் சவரம் முடிந்த நிலையில், அவர் காவலர் என்பது தெரியவந்தது. கத்தியை வைத்துவிட்டு எழுந்த வைரப்பன், வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்ட பின்னும் மீதிச் சவரத்தைச் செய்து முடிக்க உடன்படாமல் சிறைத்தண்டனையை ஏற்றார். இன்று வேதாரணியத்தில் அவருக்கும் நினைவுச் சின்னம் உண்டு. பெருந்தலைவரின் பெயரோடு இத்தகைய எளியோர் பெயரும் நிலைபெற்றது உப்புப் போராட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

ஆட்சிப் பொறுப்பும் மொழிச் சிக்கலும்

1937 தேர்தலில் காங்கிரஸ் வெற்றி பெற, அவ்வாண்டு ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண அரசின் தலைமை அமைச்சரை அந்நாளில் பிரதமர் என்றே வழங்கினர். யாகூப் ஹசன் சேட் அவரது அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார். அக்டோபர் முதல் நாளிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனால் நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கடனில் மூழ்கிய உழவருக்கு 1938-ஆம் ஆண்டின் கடன் நிவாரணச் சட்டம் சற்றே மூச்சுவிட இடமளித்தது.

தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் பிறந்து மதுரையில் வாழ்ந்த வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8-ஆம் நாள் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அவர்மீதும் கோயில் பணியாளர்மீதும் வழக்குத் தொடரப்படாதவாறு இராஜாஜி உடனடியாகச் சட்டப் பாதுகாப்பு அளித்தார். அவ்வாண்டிலேயே தஞ்சைப் பெரிய கோயிலின் வாயிலும் அனைவருக்கும் திறந்தது.

இச்சாதனைகளுக்கு நடுவே அவர் எடுத்த ஒரு முடிவு தமிழகத்தைக் கொந்தளிக்கச் செய்தது. 1938-இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி மொழியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழறிஞர்களும் சுயமரியாதை இயக்கத்தினரும் முஸ்லிம் தலைவர்கள் சிலரும் ஒருங்கே எதிர்த்தனர். திருச்சியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் பி. கலீஃபுல்லா, இராவுத்தர் குலத்தவரான தமக்குத் தாய்மொழி தமிழே என்பதை மன்றத்திலேயே எடுத்துரைத்து எதிர்ப்பைப் பதிவு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் தமிழர் படை என்னும் பெயரில் நூறு பேர் அளவிலான ஓர் அணி சென்னையை நோக்கி நடைப்பயணம் தொடங்கியது. மயிலாடுதுறையை அடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதில் நடந்தார்.

அந்தப் படை புறப்பட்ட ஊரும் திருச்சிதான். எட்டாண்டுகளுக்கு முன் அதே ஊரிலிருந்து, ஏறத்தாழ அதே எண்ணிக்கையினருடன், அரசின் ஆணையை மீறப் புறப்பட்டவர் இராஜாஜி. இப்போது அவரே அரசு. முன்னர் அவர் எதிர்த்த குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டமே இப்போது போராட்டக்காரர்மீது ஏவப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். சிறைப்பட்டவர்களில் நடராசன் 1939 ஜனவரியிலும், கும்பகோணத்தைச் சேர்ந்த தாளமுத்து மார்ச்சிலும் உயிர் நீத்தனர். உப்புப் பயணத்துக்கு வழிவிட்ட குடந்தை, தன் மைந்தன் ஒருவனை மொழிக்காக இழந்தது. இராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகிய பின், 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மறைத்துவிட்டு அவர் புகழைப் பாடுவது முறையன்று. அதே இராஜாஜி 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்னும் கொள்கையைத் தீவிரமாக எதிர்த்தார் என்பதையும் உடன் எண்ண வேண்டும். விடுதலைக்கு முன் நாட்டை இணைக்கும் பாலம் என்று தாம் கருதிய மொழி, விடுதலைக்குப் பின் ஒரு பகுதியினர்மீது சுமத்தப்படும் பாரமாக மாறக்கூடும் என்று அவர் கண்டார். கண்டதும் தம் பழைய நிலைப்பாட்டின்மீதுள்ள பற்றால் வாய்மூடி இருக்கவில்லை.

தனித்து நின்ற நாள்கள்

1942-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் கடுமையான காலங்களுள் ஒன்று. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை நாடே எதிர்நோக்கியிருந்தபோது, அது காலத்துக்கு ஏற்றதன்று என்று அவர் கருதினார். முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று, இரு தரப்பும் உடன்பட்டு ஒரு தேசிய அரசை அமைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழுவில் அவரது கருத்தை ஆதரித்தவர் 15 பேர். எதிர்த்தவர் 120 பேர். அவர் காங்கிரசிலிருந்து விலகினார். சட்டமன்ற இடத்தையும் துறந்தார். நேற்றுவரை மாலையிட்ட கைகள் அவரைத் தூற்றின.

அவர் தம் முயற்சியை விடவில்லை. காந்தியடிகளின் இசைவோடு அவர் வகுத்த திட்டம் 1944-இல் வெளியாயிற்று. விடுதலைக் கோரிக்கையிலும் இடைக்கால அரசிலும் லீக் ஒத்துழைக்க வேண்டும். போர் முடிந்தபின் வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக அடுத்தடுத்து வாழும் மாவட்டங்களை ஒரு குழு வரையறுக்க வேண்டும். அங்கு வாழும் மக்கள் அனைவரும் வாக்களித்துப் பிரிவினையை முடிவு செய்ய வேண்டும். பிரிந்தாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்படிக்கை இருக்க வேண்டும் என்பவை அத்திட்டத்தின் கூறுகள். அதனை அடிப்படையாகக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் பம்பாயில் பேசினர், உடன்பாடு எட்டப்படவில்லை. மூன்றாண்டுகள் கழித்து நாடு பிரிந்தது. அப்பிரிவினை அவர் விரும்பிய உடன்பாட்டின்வழி வராமல் குருதி வெள்ளத்தினூடே வந்தது. அவர் திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. பெரும்பான்மையோர் சினத்துக்கு ஆளாகும் என்று தெரிந்தே மற்றொரு சமுதாயத்தின் அச்சத்தை அவர் செவிமடுத்தார் என்பது மட்டும் உறுதி.

விடுதலை நாளன்று அவர் மேற்கு வங்க ஆளுநரானார். கலவரத்தால் காயமுற்றிருந்த கல்கத்தாவில் செப்டம்பர்த் திங்களில் காந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து அமைதியை மீட்டபோது, ஆளுநராக அங்கிருந்தவர் இராஜாஜி. 1948 ஜூன் 21-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்று, 1950 ஜனவரி 26-இல் குடியரசு மலரும் வரை அப்பதவியில் இருந்தார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவரே. சர்தார் பட்டேலின் மறைவுக்குப் பின் உள்துறை அமைச்சராகவும் சில காலம் பணியாற்றினார்.

நெல்லும் உழவரும்

1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. தஞ்சை மாவட்டத்தில் பொதுவுடைமைக் கட்சி வலுவாக வேரூன்றியிருந்தது. நாட்டின் மிக உயர்ந்த பதவியை வகித்து ஓய்ந்த இராஜாஜியை மீண்டும் அழைத்து ஏப்ரலில் முதலமைச்சராக்கினர். தேர்தலில் நில்லாமல் மேலவைக்கு நியமனம் பெற்று அவர் பதவியேற்ற முறை கடும் விமரிசனத்துக்கு உள்ளாயிற்று.

போர்க்காலம் முதல் நீடித்துவந்த உணவுக் கட்டுப்பாட்டை அவர் ஜூன் திங்களில் நீக்கினார். தஞ்சையின் நெல்லும் அரிசியும் மாவட்ட எல்லைகளில் தடுத்து நிறுத்தப்பட்ட காலம் அது. பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர். கட்டுப்பாடே பதுக்கலை வளர்க்கிறது என்று அவர் எண்ணினார்; துணிந்து நீக்கினார்; அஞ்சிய கேடு நேரவில்லை.

அடுத்து அவர் தொட்டது தஞ்சையின் நெடுநாள் புண். இங்கு நிலம் மிராசுதாரர் சிலரின் கையில் குவிந்திருந்தது. பண்ணையாள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்து, மரக்கால் கணக்கில் நெற்கூலி பெற்று வாழ்ந்தான். சாதி இழிவும் அடியும் அவனுக்கு அன்றாட அனுபவம். குத்தகைதாரரை எந்த நேரத்திலும் நிலத்தைவிட்டு வெளியேற்றலாம். பி. சீனிவாசராவ் முதலிய பொதுவுடைமைத் தலைவர்கள் இவர்களை ஒன்றுதிரட்டினர். 1948-இல் மாயவரத்தில் கூலி ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டும் பூசல் தணியவில்லை.

1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தை இராஜாஜி பிறப்பித்தார். பின்னர் அது முறையான சட்டமாயிற்று. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குவதை அது தடுத்தது, கூலியை உயர்த்தியது. குத்தகைதாரருக்கு ஐந்தாண்டு உரிமையும் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கும் உறுதி செய்தது. பொதுவுடைமைக் கட்சியின் கடும் எதிரி என்று பெயர் பெற்ற ஒருவர், தம் கட்சிக்குத் தூணாக நின்ற மிராசுதாரர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இச்சட்டத்தைக் கொண்டுவந்தார். உழவர் இயக்கத்தின் வலிமையைக் குறைப்பதே அவரது நோக்கம் என்று சொன்னவர்களும் உண்டு. நோக்கம் எதுவாயினும், உழைப்பவனுக்கும் சட்டம் உண்டு என்னும் எண்ணம் தஞ்சைக் கழனியில் நுழைந்தது. அது போதுமானதாக இல்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகளும், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையும் காட்டின.

1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவரது ஆட்சிக்கே முடிவாயிற்று. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது அத்திட்டம். இடப்பற்றாக்குறையால் கல்வி பெறாத பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரும் வழி என்று அவர் கருதினார். தலைமுறைகளாகச் சாதித் தொழிலால் தாழ்த்தப்பட்ட மக்களோ, மகனை மீண்டும் அத்தொழிலிலேயே கட்டிப்போடும் சூழ்ச்சி என்று அதனைக் கண்டனர். குலக்கல்வித் திட்டம் என்னும் பெயர் நிலைத்தது. கலப்பையும் சேறும் தவிர வேறெதையும் காணாத பண்ணையாளின் மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே விடுதலைக் கதவு என்னும் உண்மையை அவர் அளந்தறியத் தவறினார். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு முற்றியது. திட்டத்தைத் திருத்திப் பதவியைக் காத்துக்கொள்ள அவர் முயலாமல், 1954-இல் பதவி விலகினார். காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டே நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது.

தமிழ்ப் பணி

அரசியல் ஓய்ந்த வேளைகளில் அவரது எழுதுகோல் ஓயவில்லை. பாரதக் கதையை வியாசர் விருந்தாகவும், இராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகனாகவும் எளிய தமிழில் தந்தார். பின்னதற்கு 1958-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சிறுகதைகளும் எழுதினார்.

தமிழ் பயிலும் மாணவர்கள் குறிப்பாக எண்ண வேண்டிய பணி வேறொன்று. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று பலர் ஐயுற்ற 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் அன்பர்களோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களை ஆக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் வேதியியலை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடுவது போல விளக்கித் திண்ணை இரசாயனம் என்னும் நூலை எழுதினார். கட்டாய இந்தியைக் கொணர்ந்தவரும் தமிழ்க் கலைச்சொல் ஆக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரும் ஒரே மனிதர் என்பதை மறவாதிருப்பது ஆராய்ச்சி மாணவர்க்கு நன்மை பயக்கும்.

அந்திமக் காலம்

1959-இல், தம் 80-ஆம் வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அனுமதிகளாலும் உரிமங்களாலும் தொழிலை முடக்கும் ஆட்சிமுறையை எதிர்த்தார். 1962-இல், அதுவரை மேலைநாடு எதற்கும் சென்றிராத அவர், அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார்.

1967 தேர்தலில் தி.மு.க., சுதந்திராக் கட்சி, காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு தலைமையிலான முஸ்லிம் லீக் முதலியவை ஓரணியில் நின்றன. 1938-இல் இராஜாஜியை எதிர்த்த இயக்கத்தின் வழிவந்தவர்கள் இப்போது அவரது துணையோடு ஆட்சி அமைத்தனர், அண்ணா முதல்வரானார். நான்காண்டுகளுக்குப் பின் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முற்பட்டபோது, தள்ளாத வயதில் கொட்டும் மழையில் முதல்வர் கலைஞரின் இல்லம் சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். மன்றாட்டு ஏற்கப்படவில்லை. 1937-இல் தாம் ஏற்றிய விளக்கு அணையக் கண்டார்.

1972 ஏப்ரலில் காயிதே மில்லத் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் இராஜாஜியும் இயற்கை எய்தினார். வாழ்நாளெல்லாம் அவரை அரசியலில் எதிர்த்தவரும், தனி வாழ்வில் அவரது நெருங்கிய நண்பருமான தந்தை பெரியார், சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டழுதார். கொள்கைப் பகை மனிதப் பகையாக மாற வேண்டியதில்லை என்பதற்கு அக்கண்ணீரை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நாம் கொள்ள வேண்டியது

இராஜாஜியின் முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. கட்டாய மொழிக் கொள்கையிலும் கல்வித் திட்டத்திலும் மக்கள் அவரை மறுத்தது சரியே என்று இன்றைய தமிழகம் கருதுகிறது. அவரிடமிருந்து கற்க வேண்டியவை வேறு சில. கைதட்டலுக்காகக் கருத்தை மாற்றிக்கொள்ளாமை. சொன்ன சொல்லுக்குரிய இழப்பைப் பிறர்மேல் சுமத்தாமல் தாமே ஏற்றல். மாறான சமுதாயத்தவரின் அச்சத்தையும் காது கொடுத்துக் கேட்டல். எதிர்த்தவரோடும் உறவைப் பேணல். தொழில், கட்சி, பதவி என ஒவ்வொன்றையும் அவர் உரிய நேரத்தில் துறந்தார்.

மரக்கிளையில் சோறு கட்டிய தஞ்சை மக்களிடமிருந்தும் நாம் கற்க வேண்டும். அவர்கள் 1930-இல் அவருக்குச் சோறிட்டனர். 1938-இல் தவறென்று தோன்றியபோது எதிர்த்து நடந்தனர். தலைவரை நேசிக்கவும் தெரிந்து, தவறு கண்டவிடத்து மறுக்கவும் தெரிந்த மக்களே குடியாட்சிக்கு அரண் ஆவர். மாணவச் செல்வங்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது வேதாரணியத்துக்குச் சென்று அங்குள்ள உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணைக் காண வேண்டும். போகும் வழியிலுள்ள ஊர்களில் முதியோரை அணுகி, அவர்தம் முன்னோர் சொல்லிச் சென்ற செய்திகளைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். மூதறிஞர் நடந்த பாதையின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் அக்குடும்பங்களின் நினைவில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டித் தமிழுக்கு அளிப்பது இளந்தலைமுறையின் கடமையாகும்.